வேன் மேல் ஏறிய தோசைக்கல்

கிட்ட வந்து உட்காருங்க, செங்கமலம் தோசைக்கல்லைத் தூக்கின கதை இது.

கடலோரத்தில் புயல் ஒத்திகை. போன் செத்தாலும் பேசுமே ஹாம் ரேடியோ, அந்தச் சங்கத்துத் தலைவர் துரைசிங்கம் புது வேனில் வந்து இறங்கினார். "முழு இரும்பு! நானே பார்த்து எடுத்தது!" என்று மார்தட்டிக்கொண்டு, அடியில் காந்தம் வைத்த ஆன்டெனாவைக் கூரையில் நிறுத்தினார். சறுக்கி விழுந்தது. மூன்று தடவை வைத்தார், மூன்று தடவையும் விழுந்தது.

பக்கத்தில் தோசை சுட்டுக்கொண்டிருந்த செங்கமலத்தின் மேல் பாய்ந்தார். "எல்லாம் உன் எண்ணெய்ப் புகையாலதான்! கலெக்டரம்மாகிட்ட சொல்லி இன்னிக்கே உன் கடையைத் தூக்குறேன்!"

அவள் கூரையைத் தட்டிப் பார்த்தாள். "ஐயா, இது ஃபைபருங்க. காந்தம் இரும்பைத்தானே பிடிக்கும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் அடுப்போரம் ஆறிக் கிடந்த இன்னொரு இரும்புத் தோசைக்கல்லை வேன் மேல் வைத்தாள். ஆன்டெனா டக்கென்று ஒட்டிக்கொண்டது. ரேடியோவில் கலெக்டர் குரல் கணீரென்று வந்தது.

"எல்லாம் என் யோசனைங்கம்மா," என்றார் துரைசிங்கம். "இங்க ஒரு தோசைக்கடைதான் இடைஞ்சல், அதை மட்டும்..."

செங்கமலம் ஆன்டெனாவோடு கல்லைத் தூக்கிக் கீழே இறக்கினாள். உயரம் போனதும் ரேடியோ கரகரத்து அடங்கியது.

"கடை போறப்ப கல்லும் கூடவே போகணும்ல ஐயா?"

"வை தாயி, வை!"

வைத்தாள். ஆனால், "கடை இங்கேயே இருக்கட்டும்மா, யோசனையே அவங்களோடதுதான்," என்று அவர் மைக்கில் சொல்லி முடிக்கிற வரைக்கும் கல்லின் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.