ஞாயிற்றுக்கிழமைச் சவரம்

பதினொரு வருடத்தில் ஆறு கபடி அணிகள் இசக்கிராஜை வேலைக்கு வைத்துக்கொண்டன. ஆறும் அனுப்பிவிட்டன.

அவன் தலைமைப் பயிற்சியாளன் அல்ல. பாடி வருகிறவனை மடக்கிப் பிடிக்கிற ஆட்களுக்கு மட்டும் பயிற்சி கொடுப்பவன். அணி ஜெயித்தால், பாடிப்போய்ப் புள்ளி எடுத்தவன் படம் பேப்பரில் வரும். தோற்றால், பிடி சரியில்லை என்பார்கள். தலைமைப் பயிற்சியாளரை மாற்றும்போதெல்லாம் கூடவே இவனையும் மாற்றுவார்கள். நாக்பூர், இந்தூர், கட்டக் என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தது. பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் மகள் ஐந்து பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். ஆறாவது ஊருக்கு மனைவி வரவில்லை.

இதெல்லாம் அவனை உடைக்கவில்லை. உடைத்தது செல்வகணபதி.

செல்வகணபதி ஆறாவது அணியில் இடது ஓரத்தில் நிற்கிற ஆட்டக்காரன். இருபத்திரண்டு வயது. பாய்ந்து விழுந்து கணுக்காலைப் பிடிப்பான். பிடித்தால் எவனும் அசைய முடியாது. ஜனவரி மாதம் ஒரு ஆட்டத்தில் அப்படிப் பாய்ந்தபோது, எதிராளியின் முழங்கால் கழுத்தில் இறங்கியது. அதற்குப்பின் அவன் எழவில்லை. தோளுக்குக் கீழே இனி ஒன்றும் அசையாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

நாலு மாதத்தில் மூன்று தடவை இசக்கிராஜ் ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பிவிட்டான்.

அப்போதுதான் ஏழாவது அணி கூப்பிட்டது. திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். அதற்கு முந்தின நாள் காலையில் அவன் பாளையங்கோட்டைக்குப் போய் அருமைநாயகம் மாஸ்டர் வீட்டு முன்னால் நின்றான்.

மாஸ்டருக்கு எழுபத்து நாலு வயது. ரயில்வே அணிக்கு நெடுங்காலம் பயிற்சி கொடுத்தவர். இசக்கிராஜுக்குப் பிடி சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். சைக்கிளில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாடே. சாப்பிட்டியா?"

"ஆச்சு மாஸ்டர். ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"செல்வகணபதி தலையை முழங்காலுக்கு முன்னால கொடுத்துப் பிடிக்கான்னு எனக்குத் தெரியும் மாஸ்டர். பிராக்டிஸ்லயே பாத்தேன். திருத்த மூணு வாரம் ஆகும். அந்த மூணு வாரமும் பிடி விழாது. எங்க வேலை ஏற்கெனவே ஆட்டம் கண்டு கிடந்துது. சீசன் முடியட்டும்னு விட்டுட்டேன்."

மாஸ்டர் துணிப்பையின் முடிச்சை இறுக்கினார்.

"தன் தப்புன்னுதான் அவன் நினைச்சிக்கிட்டு இருக்கானாம். நான் போய் விழுந்து மன்னிப்பு கேக்கட்டுமா? இல்ல, பேசாம புது டீமுக்குப் போயிரட்டுமா? ஒரு வழி சொல்லுங்க மாஸ்டர். உறங்கி மாசக்கணக்காச்சு."

"எனக்கு நேரமாச்சு. கூட வா" என்று மாஸ்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போவார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆனால் கோயிலைத் தாண்டி, சமாதானபுரத்தில் ஒரு ஓட்டு வீட்டின் முன்னால் நின்றார். நரைத்த தலையுடன் ஒரு அம்மாள் கதவைத் திறந்தாள்.

"வாங்க மாஸ்டர். தம்பி முழிச்சிட்டான்."

உள்ளே கட்டிலில் ஐம்பது தாண்டிய ஒரு ஆள் படுத்திருந்தார். முகம் மட்டும்தான் உயிரோடிருந்தது. போர்வைக்குள் கை கால் குச்சியாகக் கிடந்தன.

"தவமணி" என்றார் மாஸ்டர். "நீ வாறதுக்கு முந்தி நம்ம டீம்ல ஆடுனான்."

அந்தப் பெயரை இசக்கிராஜ் கேள்விப்பட்டிருக்கிறான். எப்போதோ செத்துப்போயிருப்பான் என்று நினைத்திருந்தான்.

மாஸ்டர் பையிலிருந்து பிரஷ்ஷும் சவரக்கத்தியும் எடுத்தார். நுரை பூசினார். ஒரு கையால் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொண்டைப் பக்கம் மெல்ல இழுத்தார். முடித்துத் துடைத்தார். பிறகு இசக்கிராஜைப் பார்த்து, "தோளைப் பிடி. திருப்பணும்" என்றார்.

எத்தனையோ பேரை மடக்கித் தூக்கிய கை இசக்கிராஜுடையது. இந்த உடம்பு எதிர்க்கவும் இல்லை, ஒத்துழைக்கவும் இல்லை. முதுகில் ஆறியும் ஆறாத புண்கள். மாஸ்டர் ஒவ்வொன்றாகத் துடைத்து மருந்து போட்டார். மறுபடி மல்லாத்தினார்கள்.

"யாரு மாஸ்டர் இது?" என்றார் தவமணி.

"இசக்கி. பிடி கோச்."

தவமணி மேலே கூரையைப் பார்த்தபடியே இசக்கிராஜிடம் பேசினார். "கழுத்து வலிக்கி, இன்னைக்கு ஆட முடியாதுன்னேன். நடிக்காத, இறங்குன்னாரு. இவருகிட்ட சூதானமா இரி."

அவர் சிரிக்கவில்லை. மாஸ்டரும் சிரிக்கவில்லை. இசக்கிராஜ் தரையைப் பார்த்தான்.

"தாடைக்குக் கீழ ரெண்டு முடியை விட்டுட்டீரு" என்றார் தவமணி.

மாஸ்டர் குனிந்து மறுபடி நுரை பூசினார்.

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. பாதித் தெருவில் இசக்கிராஜின் போன் அடித்தது. புது அணியின் மேனேஜர். நாளைக்குக் காலையில் வந்துவிடுவீர்கள் அல்லவா என்று கேட்டார். 

"இல்ல சார். வரல. வேற ஆளைப் பாத்துக்கோங்க."

மாஸ்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

"எத்தனை வருஷமா வாறீங்க மாஸ்டர்?"

"முப்பத்தொண்ணு."

"கொஞ்சமாவது குறைஞ்சிருக்கா?"

"என்னது?"

"மனசுல கிடக்கது."

"இல்ல."

இசக்கிராஜ் சைக்கிளின் மறுபக்கம் வந்து நடந்தான்.

"அவர்கிட்ட உண்மையை ஒத்துக்கிட்டீங்களா?"

"கண்ணு முழிச்ச அன்னைக்கே. உன் மேல தப்பில்ல, என் மேலதான்னு சொல்லிட்டேன்."

"அப்புறம் ஏன் குறையல மாஸ்டர்? இத்தனை வருஷத்துல மன்னிப்பு கேக்கலையா?"

"கேக்கல."

"ஏன்?"

மாஸ்டர் சைக்கிளை நிறுத்தினார்.

"கேட்டா அவன் ஏதாவது பதில் சொல்லியாகணும்லா. படுத்துக் கிடக்கவன் தலையில அந்த வேலையையும் வைக்கச் சொல்லுதியா?"