காதுக்குக் கேட்காத ஓசை

தொப்பம்பாறைக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதைச் செய்வார்கள். அதற்கு மேல் இம்மியும் செய்யமாட்டார்கள்.

அந்த மலையூருக்கு செல்போன் கோபுரம் கிடையாது. அடிவாரத்து அமெச்சூர் ரேடியோக்காரர் இருதயராஜ்தான் சடையப்பனைப் பரீட்சை எழுதவைத்து, உரிமமும் கைரேடியோவும் வாங்கித் தந்திருந்தார். எதிர்க் குன்றின் உச்சியில் ரிப்பீட்டர் என்றொரு பெட்டி. மலையில் பேசுவதை அது வாங்கி, அடிவாரத்துக்கு உரக்க அனுப்பும்.

சடையப்பனின் மகள் பூவாயிக்கு மறுநாள் விடியலில் கல்யாணம். மலைப்பாதையின் நடுவில் ஓடை பெருகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அடிவாரத்தில் இருதயராஜ் வீட்டில் வந்து காத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் மலையிலிருந்து ரேடியோவில் சொல்ல வேண்டும். பொழுது சாய்வதற்குள் சேதி வராவிட்டால், பெண் வீட்டாருக்கு மனமில்லை என்று அவர்கள் திரும்பிவிடுவார்கள். அப்படித்தான் பேச்சு.

மதியம் ஓடை வடிந்துவிட்டது. சடையப்பன் பொத்தானை அழுத்திச் சேதி சொன்னார். பதிலுக்கு, மலையில் யாராவது இருக்கிறீர்களா என்று இருதயராஜின் குரல் கணீரென்று வந்தது. இருக்கிறோம் என்றார் சடையப்பன். இருதயராஜ் மறுபடியும் அதையே கேட்டார்.

"நம்மமேல வருத்தமோ?" என்றார் சடையப்பன்.

"வருத்தம் இருந்தா இத்தனை தடவை விசாரிப்பாராங்க?" என்றார் பங்காளி ஒண்டிமுத்து.

கோளாறை இருதயராஜ் கீழிருந்தே ஊகித்து, ரேடியோவை உயரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். அது மூங்கில் நுனியில் ஏறியது. பொத்தானை யார் அழுத்துவது என்று அவர் சொல்லவில்லை. ஆகவே யாரும் அழுத்தவில்லை. சடையப்பன் தரையில் நின்று அண்ணாந்து பேசினார்.

அடுத்து இருதயராஜ், பேச்சோடு சேர்ந்து காதுக்குக் கேட்காத ஒரு தாழ்ந்த ஓசை போக வேண்டும், இல்லாவிட்டால் ரிப்பீட்டர் திறக்காது என்றார். அதை எந்தப் பொத்தானில் வைப்பது என்று அவர் சொல்ல வந்தபோது, ஓசைக்கு இடைஞ்சல் என்று ஒண்டிமுத்து மூங்கிலை இறக்கி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

நாதசுரத்துக்குத் துணையாக ஒரே சுருதியில் ஒத்து ஊத வந்திருந்த நல்லானை அழைத்தார்கள். தாழ்ந்த ஓசை அவர் தொழில். அவர் கண்ணை மூடி ஒத்துக்குழலை வாயில் வைத்தார்.

"ஊதுங்க," என்றார் ஒண்டிமுத்து.

"ஊதிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஒண்ணும் கேக்கலையே."

"கேக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு."

ஒண்டிமுத்து குழலின் முனையில் காதை வைத்துப் பார்த்தார். "அப்ப நீங்க சும்மா உக்காந்திருந்தா அதை எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"சும்மா உக்காந்தா இப்படி மூச்சு வாங்குமா?"

அது நியாயம்தான் என்று ஊர் ஒப்புக்கொண்டது. ரிப்பீட்டர் ஒப்புக்கொள்ளவில்லை.

சடையப்பன் மகளைப் பார்த்தார். நலங்கு வைத்த முகத்தில் சாயும் வெயில் விழுந்து, எது மஞ்சள் எது வெயில் என்று தெரியாமல் இருந்தது.

"நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்களேன்ப்பா," என்றாள் பூவாயி.

எதைச் சொல்வதென்று அவள் சொல்லவில்லை. சடையப்பன் ரேடியோவை எடுத்துக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் ஓடையைத் தாண்டி இறங்கினார்.

சம்பந்தி வையாபுரி எழுந்து வந்தார். "ஓடை எப்படி இருக்குங்க, சம்பந்தி?"

"அதை ரேடியோவுல சொல்றதாத்தானே பேச்சு? ரேடியோ வேலை செய்யலைன்னு சொல்லத்தான் வந்தேன்."

வையாபுரிக்கு மனம் குளிர்ந்தது. வாக்குத் தவறாத குடும்பம்.

இருதயராஜ் ரேடியோவை வாங்கி, இரண்டு பொத்தான்களை அழுத்தி ஓசையைச் சரிசெய்தார். ஓடையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாமே என்றும் கேட்டார். சம்பந்திகள் இருவரும் அவரை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

பொழுதோ போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை செங்கோடன் ஒரு கையில் ரேடியோவும் மறு கையில் மாமனாருமாக ஓடையைத் தாண்டி ஓட்டமாக மலையேறினான். மேலே நல்லான் இன்னும் ஊதிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. செங்கோடன் வந்து நின்றும் பூவாயி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாப்பிள்ளைதான் இன்னும் வரவில்லையே.

சூரியன் குன்றைத் தொட்டபோது சடையப்பன் பொத்தானை அழுத்தினார்.

"சம்பந்தி, ஓடை வடிஞ்சிருச்சு. மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வாங்க."

வையாபுரியின் குரல் தெளிவாக வந்தது. "கேட்டுச்சுங்க. ரொம்ப சந்தோஷம். பையன் கீழ வந்து சேர்ந்ததும் கிளம்பிடுறோம்."

"சரிங்க மாமா," என்று ரேடியோவை மாமனாரிடமே விட்டுவிட்டு, செங்கோடன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மலையிறங்கினான்.