இரண்டு பங்கு கஞ்சி

“அம்மா, எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சதாலயே வாய் திறக்க முடியல.”

கொம்பையா இதைச் சொன்னபோது நாச்சியாரம்மா பந்தலில் தொங்கிய புடலம்பிஞ்சு ஒன்றின் நுனியில் கல்லைக் கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“இதைச் சொல்லவா ஆத்தைத் தாண்டி வந்தீங்க அண்ணே?”

“ஆமாம்மா.”

“படகு வலிக்கிற பொண்ணுகிட்டயே சொல்லியிருக்கலாமே. வழியெல்லாம் ஏதாவது கேட்டிருப்பாளே.”

கொம்பையா தலையைக் குனிந்துகொண்டார்.

குனிந்து பழக்கமில்லாத தலை அது. உப்பளத்துக் கூலிகளைத் திரட்டிய தலை. தடியடிக்கும் சிறைக்கும் நிமிர்ந்தே போய்வந்த தலை. துண்டறிக்கைகளைப் படித்தே அவர் எழுத்துக் கூட்டக் கற்றார். சாமியார்களை நம்பியதில்லை. ஊரார் யோசனை கேட்டு வரும் நாச்சியாரம்மா காவி கட்டியதில்லை, காணிக்கை வாங்கியதில்லை, யாருக்கும் ஆசி வழங்கியதில்லை. அதனால்தான் தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளான அவள் முன்னால் அவர் வந்து உட்கார்ந்தார்.

அவள் அவரை அண்ணே என்றாள். அவர் அவளை அம்மா என்றார். இரண்டு பேருக்கும் அது உறுத்தவில்லை.

“கல்லு கட்டினா பிஞ்சுக்கு வலிக்காதா?” என்று கேட்டார்.

“வலிக்குமோ என்னமோ. ஆனா நேரா, நீளமா வளரும். பார்க்கிறவங்க மெச்சுவாங்க.”

கொம்பையாவின் கை, தோளில் கிடந்த துண்டை ஏனோ ஒருமுறை தளர்த்தியது.

“சரி, சொல்லுங்க அண்ணே. யார் உங்க வாயைக் கட்டினது?”

மக்கள் அவரைச் சபைக்கு அனுப்பியிருந்தார்கள். நாட்டில் எல்லோரையும் உளவுத்துறை பார்க்கிறதே, உளவுத்துறையை யார் பார்ப்பது என்று சபையில் எழுந்து கேட்டவர் அவர்தான். கேட்ட வாய்க்கு மரியாதை கிடைத்தது. நீங்களே வந்து பாருங்கள் என்றார்கள். மாதம் ஒருமுறை, சபை உறுப்பினர் சிலருக்கு மட்டும், உளவுத்துறை மாளிகையில் ஓர் அறை திறந்தது. அவர்கள் உள்ளே போனதும் அறை மூடிக்கொண்டது.

“அடிப்பாங்கன்னு நினைச்சுப் போனேன்மா. டீ கொடுத்தாங்க.”

“நல்ல டீயா?”

“ஏலக்காய் போட்டது.”

“அப்புறம்?”

“துறைத் தலைவர் எழுந்து நின்னு கும்பிட்டார். முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டார். எந்த முழங்கால்னு சரியாக் கேட்டார்.”

“பரவாயில்லையே.”

“அடிச்சவங்க அவங்கதானே. மறந்திருப்பாங்களா?”

நாச்சியாரம்மா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“உங்களிடம் எங்களுக்கு ஒளிவு மறைவே இருக்காதுன்னார். எதைக் கேட்டாலும் சொல்றோம், கேட்காததையும் சொல்றோம், வெளியே போகாம இருந்தாப் போதும்னார். மத்தவங்க சாமி பேரால சத்தியம் பண்ணினாங்க. என்கிட்ட வந்தப்போ, ‘உங்களுக்குச் சாமி வேண்டாம். உப்பளத்தில் சுடப்பட்ட உங்கள் தோழர்கள் பெயரால் சொல்லுங்கள்’னார்.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன்.” அவர் குரல் தாழ்ந்தது. “‘உங்களை அடித்த எங்கள் ஆட்களே சொல்கிறார்கள், நீங்கள் வாக்குத் தவறாதவர் என்று’ அப்படின்னார். அன்னைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு வீட்டுக்கு நடந்தேன்மா. என்னைப் போய் அரசாங்கம் நம்புதேன்னு.”

“இப்போ?”

“இப்போ தெரியுது. வாக்குத் தவறுறவனுக்கு அந்த அறை தேவையில்லை. அவனுக்கு வேற வழி வச்சிருப்பாங்க. அந்த அறை என்னை மாதிரி ஆளுக்குன்னே கட்டினது.”

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நாச்சியாரம்மாவும் கேட்கவில்லை.

அவளிடம் அவர் சொல்லாததை நாம் சொல்லிவிடலாம். நாம் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

அக்கரையிலிருந்து அவரைப் படகில் கொண்டுவந்தவள் உலகம்மா. படகு அவள் புருஷன் மாசானத்துடையது. அறுவடைக்கு முன்பு ஒருநாள், உளவுத்துறை தேடிக்கொண்டிருந்த, அவனுக்கு முகம் தெரியாத இருவரைப் படகில் ஏற்றி அக்கரையில் விட்டான். யார், எவர் என்று கேட்கவில்லை. படகுக்காரன் கேட்கிற வழக்கமில்லை. மறுநாளிலிருந்து அவனைக் காணவில்லை. படகு மட்டும் துறையில் கட்டிக் கிடந்தது.

உலகம்மா சபை வாசலுக்கு வந்து கொம்பையாவிடம்தான் அழுதாள். “எங்கே இருக்காருன்னு உள்ளே ஒரு வார்த்தை கேளுங்க அண்ணாச்சி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

கேட்கிறேன் என்றார். கேட்டிருப்பார். அவர் கேட்டால் சபையின் ஓடு அதிரும்.

ஆனால் சபை கூடுவதற்கு முன்பே அறை கூடியது. தேநீரை நீட்டியபடி துறைத் தலைவர் மெல்லிய குரலில் சொன்னார்: “அந்தப் படகோட்டி எங்களிடம்தான் இருக்கிறான். வடக்குக் கோட்டையில். உயிரோடு இருக்கிறான். உங்களிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.”

கொம்பையா கேட்பதற்குள் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். தெரியாதவனாக இருந்திருந்தால் மேசையைத் தட்டிக் கேட்டிருப்பார். தெரிந்தபின் கேட்டால், தெரிந்ததைக் காட்டிக் கொடுத்ததாகாதா? செத்த தோழர்களின் பெயரல்லவா நடுவில் கிடக்கிறது? சபை கூடியது, கலைந்தது. கொம்பையா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குக் காலையிலும் அவள் துடுப்பு வலிக்க, எதிர்ப் பலகையில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நாச்சியாரம்மா கையைக் கழுவிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நானும் ஒரு ரகசியம் சொல்லட்டுமா அண்ணே?”

கொம்பையாவின் முகம் மலர்ந்தது. “சொல்லுங்கம்மா.”

“யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்னு கையடிச்சுக் கொடுங்க.”

கையடித்துக் கொடுத்தார்.

அவர் காதருகே குனிந்து சொன்னாள்: “உங்க வீட்டுக்காரி கட்டிக் கொடுத்த புளிச்சோத்தை என் ஆட்டுக்குப் போடப்போறேன்.”

கொம்பையா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. எழுந்து, அவர் அருகிலிருந்த பொட்டலத்தை எடுத்துப்போய்ப் பிரித்து ஆட்டின் முன் வைத்தாள். ஆடு சோற்றைத் தின்றது. பிறகு இலையையும் தின்றது.

கொம்பையா பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவள் மறுபடி புடலம்பிஞ்சுகளிடம் போய்விட்டாள்.

வெயில் ஏறியது. அவருக்குப் பசித்தது. ஆற்றங்கரையிலிருந்து உலகம்மா தூக்குச்சட்டியோடு மேலே வந்தாள்.

“வெயில் மண்டையைப் பிளக்குதும்மா. இங்கே நிழல்ல உக்காந்து குடிச்சுக்கிடுதேன்,” என்று நாச்சியாரம்மாவிடம் சொல்லிவிட்டுக் கொம்பையாவைப் பார்த்தாள். “நீங்க சாப்பிட்டாச்சா அண்ணாச்சி?”

“இல்லை தாயி.”

“சோறு கொண்டாந்தீங்களே. எங்கே?”

கொம்பையா வாயைத் திறந்தார். நாச்சியாரம்மாவைப் பார்த்தார். அவள் கல்லுக்குக் கயிறு தேடிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டார்.

“படகுலயே வச்சிட்டீங்களோ?”

“இல்லை.”

“கீழே போட்டுட்டீங்களா?”

“இல்லை.”

“என்ன அண்ணாச்சி இது! சொந்தச் சோறு எங்கேன்னு கேட்டாக்கூடச் சொல்ல மாட்டீங்களா? சபைக்குப் போனா இப்படி ஆயிருவாங்களோ?”

ஆடு அசைபோட்டது.

உலகம்மா தூக்குச்சட்டியின் மூடியில் கஞ்சியை ஊற்றி அவரிடம் நீட்டினாள். “குடிங்க. ரெண்டு பங்கு இருக்கு.”

“உனக்கு?”

“எனக்கும் இருக்கு. இது அவரு பங்கு. தினமும் ஊத்திக் கொண்டாந்துருவேன். திடுதிப்புன்னு வந்து நின்னா பசியோடதானே வருவாரு? சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் மீனுக்கு ஊத்திருவேன்.”

கொம்பையா மூடியைக் கையில் வாங்கினார்.

“உப்பு தூக்கலா இருக்கும் அண்ணாச்சி. அவருக்கு அப்படித்தான் வேணும்.”

ஒரு வாய் குடித்தார்.

“எங்க அக்கா நேத்து அவரு சாப்பிடுற வட்டிலைத் தூக்கிப் பரண்ல வச்சிட்டா,” என்றாள் உலகம்மா. “‘இனி ஒரு பங்கு போதும்டி’ங்கா. ஊர்லயும் எல்லாரும் அப்படித்தான் பேசுதாங்க. நான் பரண்ல ஏறி வட்டிலைத் திரும்ப எடுத்துட்டேன். ஆனா ராத்திரி நினைச்சேன், நாமதான் பைத்தியக்காரியோன்னு. நீங்க நாலு இடம் போய் வாறவங்க. நீங்களே சொல்லுங்க. ரெண்டாவது பங்கை நிறுத்திரவா?”

கொம்பையா மூடியிலிருந்த கஞ்சியையே பார்த்தார்.

தடியடியில் அவர் அழுததில்லை. முழங்கால் உடைந்த பிறகும் தோழர்களின் பெயர்களைக் கேட்டு அடித்தார்கள்; ஒரு பெயர் சொல்லவில்லை. வாயை மூடியிருப்பது அப்போது எவ்வளவு பெருமையாக இருந்தது. அதே வாய்தான். அதே பூட்டுதான்.

“சரி, குடிங்க. நான் பாட்டுக்கு எதையோ கேட்டுக்கிட்டு,” என்று சொல்லிவிட்டு உலகம்மா முகம் கழுவ வாய்க்கால் பக்கம் போனாள்.

கொம்பையா எழுந்தார். நாலு ஊர் கேட்கக் கூட்டத்தில் முழங்கிய பழைய குரல் அவரையறியாமல் வந்தது.

“அம்மா! என் சோறு எங்கே?”

ஆடு தலையைத் தூக்கியது.

“ஆடு தின்னுடுச்சு,” என்றாள் நாச்சியாரம்மா உடனே. “இதைக் கேக்கவா இவ்வளவு நேரம்?”

“நீங்கதானே கையடிச்சு வாங்கினீங்க!”

“சொல்ல மாட்டேன்னு கையடிச்சீங்க. சொன்னீங்களா?”

“இல்லை.”

“பின்னே யார் சொன்னது?”

“நீங்க.”

“நான் ஏன் சொன்னேன்?”

“நான் கேட்டதால,” என்றார் கொம்பையா. மூடியிலிருந்த கஞ்சியை ஒரே மூச்சில் குடித்தார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

பிறகு கேட்டார்: “அம்மா, சபையில நான் கேட்டு, அவங்க எழுந்து நின்னு ‘எங்களுக்குத் தெரியாது’ன்னு பொய் சொல்லிட்டா?”

“ஜனங்க முன்னால ஒருதடவை சொல்லட்டுமே. அதுக்குத்தானே அவ்வளவு பெரிய சபை கட்டி வச்சிருக்கு.”

“இனிமே டீ கொடுக்க மாட்டாங்க.”

“என்கிட்ட ஏலக்காய் இல்லை. இஞ்சி தட்டிப் போட்டு நான் தர்றேன்.”

“அடிப்பாங்க.”

நாச்சியாரம்மா அவர் முழங்காலைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“இன்னொரு முழங்கால் நல்லாத்தான் இருக்கும்மா,” என்றார் கொம்பையா.

புறப்படும்போது பந்தலின் கீழே ஒரு நொடி நின்றார். கைக்கு எட்டிய பிஞ்சின் கல்லை அவிழ்த்துத் தரையில் போட்டார்.

“அது வளைஞ்சு போகும் அண்ணே.”

“போகட்டும்மா.”

ஆறு அசையாமல் கிடந்தது. உலகம்மா துடுப்பை வலித்தாள். காலடியில் வெறும் தூக்குச்சட்டி ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் பலகையில் மோதி ஒலித்தது. இந்தமுறை கொம்பையா ஆற்றைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்.

“தாயி, நாளைக்குச் சபை கூடுது. வந்து முன்னால உக்காரு.”

“என்னை உள்ளே விடுவாங்களா?”

“ஜனங்க உக்கார்றதுக்குன்னு பெஞ்சு போட்டிருக்கு. நான்தான் சண்டை போட்டுப் போட வச்சேன்.”

“வந்து என்ன செய்ய?”

“நீ வாசல்ல வச்சுக் கேட்டியே, அந்தக் கேள்வியை உள்ளே கேக்கப் போறேன்.”

அவள் துடுப்பை வலித்துக்கொண்டே இருந்தாள். குரல் மட்டும் இறங்கியது.

“பதில் வருமா அண்ணாச்சி?”

கொம்பையா உதட்டை அழுத்திக்கொண்டார். வடக்கே திரும்பவில்லை. குனிந்து, உருண்டுகொண்டிருந்த தூக்குச்சட்டியை எடுத்து, மூடியைப் பொருத்தி, இரண்டு கையாலும் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்கும் ரெண்டு பங்கே ஊத்து தாயி.”

துடுப்பு தண்ணீருக்குள் நின்றது. படகு தன்பாட்டுக்குக் கொஞ்ச தூரம் போயிற்று.

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“உப்பு இன்னும் கொஞ்சம் தூக்கலாப் போடணும்,” என்றாள்.