இரண்டு என்ஜின், ஒரு டேங்க்

மணல்முனையில் மீட்புப் படகு ஒன்று வாங்குவதென்று ஊர்க் கமிட்டி முடிவு செய்தது. அதை ஓட்டக் காஸ்பரைக் கேட்டார்கள்.

காஸ்பருக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டு வருடங்களுக்கு முன் நடுக்கடலில் என்ஜின் நின்று, படகு பாறைத்திட்டில் மோதியதில் அவருடைய தம்பி சபின் இறந்துபோனான். அதன்பின் காஸ்பர் வலையைத் தொடவில்லை. படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு என்ஜின் வேலை சொல்லிக்கொடுக்கும் ஜெசிந்தாவிடம் போய்ச் சேர்ந்தார். ஜெசிந்தா அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்" என்றார் காஸ்பர். "மீட்புப் படகுக்குப் பெரிய என்ஜின் ஒண்ணு போடலாமா, சின்னது ரெண்டு போடலாமா?"

"நீங்க என்ன நினைக்கீங்க அண்ணே?"

"ரெண்டு. ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு கரை சேர்த்துடும்."

"பெரிய என்ஜினுக்கு வேகம் அதிகம். பராமரிப்பும் கம்மி."

"அன்னைக்கு ரெண்டு என்ஜின் இருந்திருந்தா என் தம்பி செத்திருக்க மாட்டான்."

மறுநாள் காலை ஜெசிந்தா அவரைப் பயிற்சிப் படகில் ஏற்றிக்கொண்டாள். அதில் இரண்டு சிறிய என்ஜின்கள் இருந்தன. கரை கோடாகத் தெரியும் தூரம் வந்ததும், "ஒண்ணை நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினார். வேகம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனாலும் படகு போனது.

"பார்த்தீங்களா!" என்றார் காஸ்பர்.

"பார்த்தேன். மறுபடி ஓட்டுங்க."

இரண்டும் ஓடின. ஜெசிந்தா குனிந்து, டேங்க்கிலிருந்து வரும் பெட்ரோல் குழாயின் வால்வை மூடினாள். சற்று நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு என்ஜின் இருமியது. அடுத்ததும் இருமியது. இரண்டும் நின்றன.

அலை படகின் பக்கவாட்டில் மோதியது.

"ரெண்டும் ஏன் நின்னுச்சு?" என்று கேட்டாள்.

"ஒரே டேங்க்" என்றார் காஸ்பர். உடனே, "மீட்புப் படகுல தனித்தனியா வைப்போம்" என்றார்.

"வைங்க. ரெண்டு டேங்க்கையும் எந்தக் கேனிலிருந்து நிரப்புவீங்க?"

காஸ்பர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நான்தான் நிரப்பினேன் டீச்சர். கேன் மழையில நனைஞ்சு கிடந்துச்சு. மூடி சரியா இல்ல. பெட்ரோல்ல தண்ணி கலந்து வடிகட்டியில நின்னதைக் கண்ணால பார்த்தேன். சபின் அவசரப்பட்டான். சரி, போயிட்டு வா, பிறகு பார்த்துக்கலாம்னு அனுப்பிட்டேன்."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. என்ஜின் மோசம்னு ஊரெல்லாம் சொன்னேன். அவன் பொண்டாட்டி செலினுக்கும் அதைத்தான் சொன்னேன்."

ஜெசிந்தா வால்வைத் திறந்தாள். குழாயிலிருந்த ரப்பர் பம்பை அழுத்தினாள். என்ஜின்கள் கிளம்பின. படகைக் கரைக்குத் திருப்பினாள்.

படகை விட்டு இறங்கும்போது மட்டும் சொன்னாள்: "கமிட்டிகிட்ட ரெண்டு என்ஜின் கேளுங்க. ரெண்டு டேங்க், ரெண்டு வடிகட்டி. நம்ம ஊர்க் கடலுக்கு அதுதான் சரி. ஆனா, உங்க தம்பி சாவுக்கு அது பதில் இல்ல அண்ணே."

கமிட்டி அப்படியே வாங்கியது. படகு வந்து இறங்கிய நேரத்தில் காஸ்பர் அங்கே இல்லை. அன்று மாலை ஜெசிந்தாவின் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"செலின்கிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"கதவைச் சாத்திக்கிட்டா."

ஜெசிந்தா ஒரு ஸ்டூலை நகர்த்தி வைத்தாள். அவர் உட்காரவில்லை.

"அங்கேயிருந்து நேரா புதுப் படகுக்குத்தான் போனேன் டீச்சர். பெட்ரோல் கேனைத் தூக்கினேன். கை நடுங்குது. நிக்கவே மாட்டேங்குது. நீங்க யாரைச் சொன்னாலும் கமிட்டி கேட்கும். படகை வேற ஆளுக்குக் கொடுத்துடச் சொல்லுங்க."

ஜெசிந்தா அவர் கைகளைப் பார்த்தாள்.

"இந்தக் கை இனி கேனைச் சரிபார்க்காம நிரப்பாது. நடுங்காத கைக்கு அந்தப் படகைக் கொடுக்கச் சொல்ல மாட்டேன்" என்றாள்.