எருமை நின்ற ஐந்து இடங்கள்

அந்தக் காலத்தில் கொக்கும் மீனும் மாடும் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்தன. கேட்டால் பதில் சொல்லும். கேட்கத்தான் ஆள் இல்லை.

வளைகரை என்ற சின்ன ஊரில் உலகம்மாள் என்றொருத்தி இருந்தாள். கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுவது அவள் வேலை. ஊரை ஆறு இரண்டாகப் பிரித்திருந்தது. வீடுகளும் சந்தையும் இந்தக் கரையில். வயலும் மருத்துவச்சியின் குடிசையும் அந்தக் கரையில். வெள்ள நாட்களில் பிள்ளை வலி எடுத்தவளுக்கு உதவ யாரும் வர முடியாது. அப்படி இரண்டு பெண்கள் செத்தே போனார்கள்.

உலகம்மாள் மூன்று முறை பாலம் கட்டினாள். நூல் பிடித்தது போல் நேரான பாலம். மூன்று முறையும் ஐப்பசி வெள்ளம் தூண்களைப் பெயர்த்துக்கொண்டு போனது. மூன்றாம் முறை அவளுக்கு அழுகை வரவில்லை. ‘இந்த ஆத்துக்கு அடியில என்னதான் இருக்கு?’ என்ற யோசனைதான் வந்தது.

கொக்கிடம் கேட்டாள்.

“என் கால் எட்டுற ஆழம்தான் எனக்குத் தெரியும்” என்றது கொக்கு.

கெண்டை மீனிடம் கேட்டாள்.

“தரையில நின்னு பார்க்க எனக்குக் காலா இருக்கு?” என்றது மீன்.

மூக்கை மட்டும் வெளியே நீட்டித் தண்ணீரில் கிடந்த எருமை ஒன்று மெல்லச் சிரித்தது.

“பொழுதன்னைக்கும் இதுக்குள்ளதான் கிடக்கேன். என்கிட்ட யாரும் கேட்கலையே.”

“தெரியாமப் போச்சு. இப்போ கேட்கிறேன், சொல்லு.”

“சொன்னா விளங்காது. பின்னாடியே வா.”

எருமை கண்ணை மூடிக்கொண்டு நடந்தது. குளம்பு பாறையில் பட்ட இடங்களில் நின்றது. மற்ற இடமெல்லாம் மணல். ஐந்து இடங்களில் அது நிற்க, ஐந்து இடத்திலும் உலகம்மாள் கல் அடுக்கிக் கழி நட்டாள். கரையேறிப் பார்த்தால், கழிகள் ஊர்ந்து போகிற பாம்பு மாதிரி வளைந்து கிடந்தன.

“உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள்.

கழிகளை எருமை திரும்பிப் பார்த்தது.

“பாலத்துல முதல்ல நான் நடக்கணும். அது போதும்.”

“நீதான் நடப்பே” என்றாள் உலகம்மாள்.

கழி நட்ட பாறைகளின் மேல் தூண்கள் நிற்க, பாலம் எழுந்தது. ஊர்த்தலைவர் நல்லபெருமாள் அதன் வளைவுகளைப் பார்த்து முகம் சுளித்தார். ஆனால் ஐப்பசி வெள்ளம் வந்தது, மோதியது, போனது. பாலம் அசையவில்லை.

திறப்பு நாளில் ஊரே கூடியது. எருமை சேற்றைக் கழுவிக்கொண்டு, கொம்பு மின்ன, பாலத்தின் வாயில் வந்து நின்றது.

“எமன் வாகனத்தையா முதல்ல விடுவாங்க?” என்று கத்தினார் நல்லபெருமாள். “அந்த வெள்ளைக் காளையைக் கூட்டி வாங்க! ஏன் உலகம்மா, நீ என்ன சொல்றே?”

நூறு முகங்கள் அவளைப் பார்த்தன. உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாலை போட்ட காளை மணி குலுங்கப் பாலத்தில் ஏறியது. ஊர் குலவையிட்டது. எருமை அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பி, ஆற்றில் இறங்கியது.

உலகம்மாள் கரையோரமாக ஓடினாள்.

“தப்பு பண்ணிட்டேன். வா, இப்பவாவது என்கூட மேலே வா.”

“உன் பாலம் நல்ல பாலம்தான், உலகம்மா” என்றது எருமை. “மனுஷங்க நடக்கட்டும். எனக்கு ஆறு இருக்கு.”

அதன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் தண்ணீரில் இறங்கினாள். மேலே ஊர் ஆரவாரமாகப் பாலத்தைக் கடக்க, கட்டியவள் கீழே கழுத்தளவு தண்ணீரில் எருமையின் முதுகைப் பிடித்துக்கொண்டு அக்கரை சேர்ந்தாள். அதற்குப் பிறகு அந்த எருமை எந்த மனிதரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று முதல்தான், பக்கத்திலேயே பாலம் இருந்தாலும், ஓட்டி வருகிறவர் என்ன அதட்டினாலும், எந்த எருமையும் பாலத்தின் வாயில் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு ஆற்றில் இறங்கிவிடுகிறது.