நூற்று அறுபது எழுத்து

அன்று கோட்டாறு கடைத்தெருவில், மருந்துக்கடைக்கு மேலிருந்த கணினிப் பயிற்சி அறையில் மூவர் இருந்தனர். நிரல் எழுதக் கற்பிக்கும் பெனிட்டா, வயது முப்பத்தொன்று. தன் துணிக்கடைக்கு இணையதளம் ஒன்றை அமைத்துக்கொண்டிருந்த ரசீனா. நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற சிதம்பரதாணு, வயது அறுபத்தாறு. ஞாயிற்றுக்கிழமையாதலால் மற்ற மாணவர்கள் வரவில்லை. சிதம்பரதாணுவுக்கு எல்லா நாளும் ஒன்றுதான். வடசேரியில் அவருடைய வீட்டில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை.

அவர் எழுதியிருந்த ஸ்கிரிப்ட் சிறியது. நாற்பது வரி நிரல். ஓர் இணையப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், அங்கே போய்த் தலைப்பையும் சுருக்கக் குறிப்பையும் ஒரு படத்தையும் எடுத்துவந்து அட்டையாகக் காட்டும். வாட்ஸ்அப்பில் யாராவது இணைப்பு அனுப்பினால் அதனடியில் தோன்றுமே, அதைப் போன்ற அட்டை. குறிப்பு நீண்டால் நூற்று அறுபதாவது எழுத்தில் வெட்டிவிடும். முப்பத்தாறு ஆண்டுகள் வழக்குக் கட்டுகளுக்குச் சுருக்கம் எழுதியவர் அவர். வெட்டத் தெரிந்தவன்தான் படித்தவன் என்பது அவர் கொள்கை.

ஓராண்டாக அந்த ஸ்கிரிப்ட் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு தளத்துக்குத்தான் போய்வந்துகொண்டிருந்தது.

“டீச்சர், இதுல இன்னும் ஒரு வரி எடுத்துக் காட்டணும். எப்படி?” என்றார்.

“எதுல சார்?”

அவர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். அட்டையில் ஒரு வேப்பமரத்தின் படம். தலைப்பு: மூன்றாம் நாள். அதன் கீழே: இங்கே எல்லாருக்கும் சுகம்.

“நேத்து ‘இரண்டாம் நாள்’. முந்தாநாள் ‘முதல் நாள்’. எதோட மூணாம் நாள்னு தெரியல.”

“பக்கத்தைத் திறந்தா தெரிஞ்சிரும்.”

“நான் அதைப் படிக்கிறதில்ல.”

ரசீனா தன் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “படிக்காததுக்கா அண்ணாச்சி தினமும் காலைல ஆள் அனுப்புறீங்க?”

“நான் படிக்கல. ஸ்கிரிப்ட் படிக்குது.”

“நல்ல வக்கீல் பேச்சு.”

“வக்கீலுக்கு எழுதிக் கொடுத்தவனே நான்தாம்மா.”

பெனிட்டா சிரிக்கவில்லை. “யாரோட தளம் சார்?”

“எம் மக. பகவதி. நாக்பூர்ல இருக்கா.”

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் மனைவி பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். நாக்பூரில் இருந்த பகவதிக்கு அப்போது தேர்வு. மாலைதோறும் அவள் தொலைபேசியில் கேட்டாள். மாலைதோறும் அவர் இங்கே எல்லாருக்கும் சுகம் என்றார். பன்னிரண்டாம் நாள் வேறு செய்தி சொல்ல வேண்டியதாயிற்று. அவள் வந்தாள், காரியங்கள் முடியும்வரை இருந்தாள், போனாள். ஏன் சொல்லவில்லை என்று ஒரே ஒருமுறை கேட்டாள். வந்து நீ என்ன செய்திருப்பாய் என்று அவர் திருப்பிக் கேட்டார். அதன்பின் பேச்சில்லை. அவளாக அழைக்கும்வரை தானும் அழைப்பதில்லை, அவள் எழுதுவதைப் படிப்பதுமில்லை என்று அவர் முடிவு செய்துகொண்டார். அந்த முடிவை அவர் மீறவில்லை. முடிவுக்கு வெளியே ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டார்.

அட்டையில் இருந்தது தன் வாக்கியம் என்பதை, ஓராண்டுக்கு முன் ஸ்கிரிப்ட்டை ஓட்டிய அன்றே கண்டுகொண்டார். கடிதத்தை நலம் என்று தொடங்குவதுபோல, மகள் தனக்காகவே நாள்தோறும் அதை எழுதுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். காலையில் அதைப் பார்த்த பிறகுதான் காப்பி குடிப்பார்.

“எல்லாருக்கும்னா? நாக்பூர்ல யாரெல்லாம் இருக்காங்க?” என்றாள் ரசீனா.

“அவ மட்டும்தான்.”



பெனிட்டா அந்தப் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து, மேற்பகுதியில் ஒரு வரியைச் சுட்டினாள். “சார், இது இன்னைக்கு எழுதின வரி இல்ல. தளம் தொடங்கின அன்னைக்கு ஒருதடவை எழுதி வச்சது. அவங்க எந்தப் பக்கம் எழுதினாலும் இதுவே தானா ஒட்டிக்கும். படமும் அப்படித்தான்.”

“தினமும் எழுதலையா?”

“இல்ல சார்.”

அவர் அந்த வரியை நெடுநேரம் பார்த்தார். “அப்ப உள்ளேயிருந்து எடுங்க. முதல் வரி மட்டும் போதும்.”

பெனிட்டா அவருடைய நாற்பது வரிகளுக்குள் போனாள். சுருக்கக் குறிப்பு என்றிருந்த இடத்தில் பக்கத்தின் உடற்பகுதியை எடு என்று மாற்றினாள். அடுத்து, நூற்று அறுபது என்ற எண்ணை அழித்தாள். அதற்குப் பதிலாக வேறு எண்ணை இடவில்லை. ஓட்டினாள்.

அட்டை வளர்ந்தது. வேப்பமரம் மேலே ஏறி மறைந்தது. எழுத்து திரையை நிரப்பி அதற்குக் கீழேயும் போயிற்று.

சிதம்பரதாணு உள்ளங்கையால் திரையை மறைத்தார். “நான் முதல் வரிதான் கேட்டேன்.”

“எந்த இடத்துல வெட்டணும்னு எனக்குத் தெரியல சார்.”

“நீங்க படிச்சிட்டீங்க. கண்ணு ஓடினதைப் பார்த்தேன்.”

“படிச்சேன்.”

“அப்ப ஒரே ஒரு சொல் சொல்லுங்க. சுகமா இருக்காளா, இல்லையா?”

ரசீனா தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தாள்.

பெனிட்டா அவருடைய கையையே பார்த்தாள். அது திரையைவிட்டு அகலவில்லை.

“சுகம்னு நான் சொன்னா நம்புவீங்களா, சார்?”

அவர் கையை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியை முன்னே இழுத்து, முதல் எழுத்திலிருந்து தொடங்கினார். வழக்குக் கட்டைப் படிக்கும்போது உதடு அசையக்கூடாது என்று இளைய எழுத்தர்களைக் கண்டித்தவர் அவர். இப்போது அவர் உதடு அசைந்தது. உடன் இருப்பவர் யார் என்று இன்றும் நர்ஸ் கேட்டாள், என்று பகவதி எழுதியிருந்தாள். ஒருவரும் இல்லை என்றேன். வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும் என்கிறார்கள்.

கடைசி வரிவரை படித்தார்.

பிறகு எழுந்தார். மடிக்கணினியை மூடவில்லை. எடுத்துக்கொள்ளவும் இல்லை. படியிறங்கித் தெருவுக்கு வந்து, வடசேரிக்குப் போகும் இடப்பக்கம் திரும்பாமல், ரயில் நிலையம் இருக்கும் வலப்பக்கம் நடந்தார்.