உப்பு சுமந்த ராஜகுதிரைகள்

குமிழங்கோட்டை ராஜா கொண்டல்ராயருக்குக் குதிரை என்றால் உயிர். அதிலும் கால் மெலிந்து, பிடரிமயிர் நீண்டு தொங்கினால்தான் அது குதிரை என்பார். பட்டத்துக்கு வந்த நாள் முதல், ஆண்டுதோறும் லாயத்துக் குட்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்ப்பார். கால் மெலிந்தவற்றை இனத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்வார். கால் தடித்தவை வெளியே போய்விட வேண்டும். இப்படியே இருபத்தைந்து ஆண்டுகள் ஓடின.

ஒருநாள் மலைக்கோட்டையைப் பார்வையிடப் புறப்பட்டார். பாதி ஏற்றத்தில் குதிரை கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். அதுவும் உட்கார்ந்தது. கடைசியில் ஊரே பார்க்க, ராஜா நடந்தே மலையேறினார்.

கோபமெல்லாம் லாயத்துத் தலைவர் மீரான் ராவுத்தர் மேல் திரும்பியது. அவரைக் கண்டாலே ஆகாத பிரதானி திருவேங்கடம், எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தார். பெரிய ராஜா காலத்துக் குதிரைகள் ஆடுபோல் மலையேறும், ராவுத்தர்தான் அவற்றை விற்றுவிட்டு நோஞ்சான்களைக் கட்டிவிட்டார் என்று ராஜாவின் காதில் ஓதினார். ஒரு மாதத்துக்குள் அப்பா காலத்துக் குதிரைகள் வர வேண்டும், இல்லாவிட்டால் ராவுத்தர் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று ராஜா உத்தரவு போட்டார்.

ராவுத்தருக்குச் சோறு இறங்கவில்லை. சபையில் விகடம் பேசும் உத்தண்டனிடம் போனார்.

"ஒரு குட்டி பிறந்து வளரவே நாலு வருஷம் ஆகும். அதற்கும் முன்னால் தடித்த கால் தாயும் தகப்பனும் வேண்டுமே. லாயத்தில் ஒன்றுகூட இல்லையப்பா."

கழித்த குட்டிகளை யார் ஓட்டிக்கொண்டு போனார்கள் என்று மட்டும் உத்தண்டன் கேட்டுக்கொண்டான்.

முப்பதாம் நாள் அரண்மனை வாசலில் இருபது குதிரைகள் நின்றன. கட்டுக்குட்டான உடம்பு, உலக்கை போன்ற கால், முதுகில் மூட்டை சுமந்த தழும்பு. ராஜா ஒன்றின்மேல் ஏறினார். அது மூச்சு வாங்காமல் மலையேறி அவரைக் கோட்டை வாசலில் இறக்கிவிட்டது.

மறுநாள் சபையில், இவை எந்தத் தேசத்துக் குதிரைகள் என்று கேட்டார்.

"நம் லாயத்து வாரிசுகள்தாம், மகாராஜா" என்றான் உத்தண்டன். "தாங்கள் கழித்த குட்டிகளை உப்பு வணிகர்கள் கொண்டுபோனார்கள். எது மலையேறியதோ அதையே இனத்துக்கு வைத்தார்கள். தாங்கள் எது அழகோ அதை வைத்தீர்கள். ராவுத்தர் எதையும் மாற்றவில்லை. அவரவர் விரும்பியது அவரவருக்குப் பிறந்தது."

ராஜா ராவுத்தரை அருகே அழைத்துத் தம் சால்வையைப் போர்த்தினார்.

"ராஜாவின் ஆசை குதிரையின் எலும்பையே மாற்றிவிடுமா, உத்தண்டா?"

"குதிரைக்கு இருபத்தைந்து வருஷம் பிடித்தது, மகாராஜா. மனிதருக்கு அவ்வளவு ஆகவில்லை. பெரிய ராஜா காலத்தில் 'கூடாது' என்று சொல்ல இந்தச் சபையில் நாலு பேர் இருந்தார்கள். தங்களுக்கு அது பிடிக்காது என்று தெரிந்ததும் அந்த இனமே அற்றுப்போயிற்று."

ராஜா பிரதானி பக்கம் திரும்பி, இது நிஜமா என்று கேட்டார். பிரதானி எழுந்து கைகட்டி நின்றார்.

"மகாராஜா எப்படி நினைக்கிறீர்களோ அப்படித்தான்."

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உத்தண்டா, இன்று முதல் 'கூடாது' என்று சொல்லும் உத்தியோகம் உனக்கு. சம்மதந்தானே?" என்றார்.

"சம்மதமில்லை, மகாராஜா" என்று சொல்லி, உத்தண்டன் அப்போதே வேலையில் சேர்ந்துவிட்டான்.